அக்காவுக்கு வட்டி கிடையாது

போன வாரம் என் வங்கிக் கணக்கில் ஆறு லட்சம் ரூபாய் விழுந்தது. உடனே கைமாத்து கேட்டு எனக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள்... எழுதினாலும் பலனில்லை. பணம் தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிய ஒரு இன்சூரன்ஸ் பாலிசி முதிர்ந்தது. அவ்வளவுதான். எனக்கோ ஒரே எண்ணம் – அப்படியே தூக்கி வீட்டுக் கடனில் போட்டுவிட வேண்டும். மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன வீடு. ஒன்பது லட்சம் பாக்கி, இன்னும் ஆறு வருஷம். ஆறு லட்சத்தைக் கட்டினால் இரண்டே வருஷத்துக்குள் பத்திரம் கைக்கு வந்துவிடும். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

வங்கிக்குப் போனேன். லோன் மேஜையில் இருந்த மலையாளிப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் ஆசையைப் பொறுமையாகக் கேட்டாள்.

“அங்கிள், வேற கடன் உண்டோ?”

இருந்தது. கிரெடிட் கார்டில் எண்பதாயிரம். மனைவியின் வளையல் மேல் ஒன்றேகால் லட்சம்.

“அப்ப முதல்ல கார்டு. பின்னே நகை. வீட்டு லோனுக்குத்தான் வட்டி குறைவு, அது மெல்லத் தீரட்டும். வேற?”

தயங்கினேன். “அக்காகிட்ட ரெண்டரை லட்சம் வாங்கியிருக்கேன். வட்டி கிடையாது.”

“வட்டி இல்லேல்ல? அப்ப அது கடைசி.”

ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். கார்டு, நகை, வீடு, அக்கா. கணக்குப்படி பார்த்தால் அந்தப் பெண் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் பரம திருப்தி. கார்டும் நகையும் போக மிச்சம் நாலு லட்சம் வீட்டுக்கு. அக்காதானே, பொறுத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்து தாளை மல்லிகாவிடம் நீட்டினேன். என் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள்.

“அக்கா கடைசியா நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாங்க?” என்று கேட்டாள்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், மூன்று வருஷம்.

அக்கா பள்ளுருத்தியில் இருக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிஷம். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அத்தான் இறந்து பத்து வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன் என் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்து, கட்டப் பணமில்லாமல் நான் அல்லாடிய நேரத்தில், தன் ரிட்டயர்மென்ட் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ‘ஒரு வருஷத்துல தந்துடறேன்க்கா’ என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கோபம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஒருநாள் தோப்பும்படி மீன் சந்தையில் அக்கா அயிலைக்கு விலை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. நான்... மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். இதை மல்லிகாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலை பணத்தோடு இரண்டு பேரும் பள்ளுருத்திக்குப் போனோம். நல்ல மழை. கதவைத் திறந்த அக்கா, “உள்ள வாங்க, நனையாதீங்க” என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். சமையலறை ஓட்டின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. அப்படியும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனதும் ஓட்டை மாற்றப் போகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஓட்டில்தான் என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கவரை அவள் கையில் வைத்தேன்.

“இப்ப எதுக்குடா இது? பாப்பா படிப்பு முடியட்டுமே.”

“கோவமாக்கா?”

“யாருக்கு?”

“மூணு வருஷமா நீ வரவேயில்லையே.”

அக்கா சாயா ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“நான் வந்தா, பணம் கேக்கத்தான் வந்திருக்கேன்னு நீ நினைப்பியேடா. கேக்காம இருந்தாலும் உனக்குச் சங்கடம். ஒருக்கா பலாச்சக்க வறுத்து எடுத்துக்கிட்டு உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன், கேட்டியா? நீ வாசல்ல நின்னு யார்கிட்டயோ போன்ல, ‘அடுத்த மாசம் கட்டிடறேன் சார்’னு கெஞ்சிட்டு இருந்த. மனசு கேக்கல. அப்படியே ஆட்டோ பிடிச்சுத் திரும்பிட்டேன்.”

“வறுத்த சக்க?” மல்லிகா கேட்டாள்.

“ஆட்டோக்காரச் சேட்டனுக்குக் குடுத்தேன். நல்லாருக்குன்னாரு.”

மூன்று பேரும் சிரித்தோம். யார் முதலில் கண்ணைத் துடைத்தது என்று கேட்காதீர்கள்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நம்மை மிரட்டுகிறவனுக்கு முதலில் கொடுக்கிறோம். வட்டி போடுகிறவனுக்கு அடுத்து. வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்கிறவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு, அதற்குக் ‘கணக்கு’ என்று பேர் வைக்கிறோம். அக்காவின் ஓடு மூன்று மழைக்காலம் ஒழுகியதற்கு எந்த வங்கி வட்டி போடும்?

அக்கா பணத்தை எண்ணவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து கேட்டாள்:

“ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்கல்ல? நான் வரேன்.”

அக்காவுக்குக் கொடுத்தது போக கார்டு முடிந்தது. வளையல் மல்லிகாவின் கைக்கு வந்துவிட்டது. மிச்சம் ஒன்றரை லட்சம் மட்டும் வீட்டுக் கடனுக்குப் போனது. இன்னும் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் கட்ட வேண்டும். கட்டுவோம்.

பாங்க் மேனேஜர் நம் வீட்டுக்கு வருவதில்லையே என்று யாராவது ஏங்கிப் பார்த்திருக்கிறீர்களா?