பலா அறுக்கும் குத்துவாள்

"…எண்ணெய் தடவுனாலும் பலாப்பால் செதுக்கல்ல பூந்துகினு வரமாட்டேங்குதுங்க. அதான் இந்தப் பக்கம் இருந்த யானைய அரத்தால ராவிட்டேன்" என்கிறார், மந்தாரக்குப்பம் சாலையோரம் சுளை விற்கும் அக்கா.

அவர் கையில் இருப்பது கிளித்தலைப் பிடி போட்ட பழங்காலக் குத்துவாள். அலகின் ராவிய பக்கத்தில் தும்பிக்கை நுனி மட்டும் மிச்சம். மறுபக்கம் புலி துரத்த, மான் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறது. அதன் கண்ணில் கடுகளவு பொன் பதித்திருக்கிறார்கள்.

"மாமனார் வூட்டுப் பரண்ல கெடந்துச்சு. நல்ல இரும்பு."

"இரும்புல இப்படிச் செதுக்க எவ்வளவு பாடுபட்டிருப்பான், அக்கா?"

"அவன் பலாப்பழம் அறுத்திருக்க மாட்டானுங்க."

"இந்தப் பக்கத்தையாவது விட்டுடுங்க" என்று கிட்டத்தட்டக் கெஞ்சுகிறேன்.

அவர் மானை உற்றுப் பார்க்கிறார்.

"பாவமாத்தான் இருக்கு. சரி, மான் இருந்துட்டுப் போவட்டும்" என்றவர், அரத்தை எடுத்துப் புலியின் மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்.