ஒரே கதையை எத்தனை நாற்காலியில் சொல்வது?

“…ஸ்டேஷன்ல சொல்லியாச்சு, ஆஸ்பத்திரியில சொல்லியாச்சு, வக்கீலம்மாட்டயும் சொல்லியாச்சு. இங்கனயும் முதல்ல இருந்தாம்மா?”

கேட்டவள் இசக்கியம்மாள். எதிரே பெண்கள் விடுதியின் மேட்ரன். நடுவில் நான்... யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல்.

இசக்கி வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. திருவனந்தபுரத்துக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவள். போன வாரம் புருஷன் கொதிக்கிற கஞ்சியை அவள் மேல் ஊற்றிவிட்டான். தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. பழவங்காடியில் ஒரு மாடியில் நடக்கும் எங்கள் உதவி மையத்துக்கு, கூட வேலை செய்கிற பெண் கூட்டிக்கொண்டு வந்தாள். எந்த வீட்டில் படுத்தாலும் அந்த ஆள் வந்து வாசலில் நிற்கிறான். இவள் கண்ணை மூடுவதே இல்லை. விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள். விஷயம் அவ்வளவுதான்.

மையத்தில் எனக்குக் கோ-ஆர்டினேட்டர் என்று பெயர். கனமான பெயர்! வேலை என்னவென்றால், அடிபட்டு வந்தவர்களை ஒரு நாற்காலியிலிருந்து எழுப்பி அடுத்த நாற்காலியில் உட்கார வைப்பது.

ஸ்டேஷனில் ஏட்டு முழுக்கக் கேட்டார். எழுதி முடிக்கும்போது எஸ்.ஐ. உள்ளே வந்தார். “ம்... பற.” சொல்ல வேண்டுமாம், மறுபடி முதலிலிருந்து. ஆஸ்பத்திரியில் டாக்டரோடு நாலைந்து மாணவர்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா? வக்கீலம்மா நல்ல மனுஷி, கேட்டுவிட்டு அழுதார். இசக்கிதான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் மையம் மட்டும் என்ன வாழ்ந்தது? இசக்கி சொல்லி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள் — கமிட்டி அம்மா ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வருகிறார். கையில் வாழைக்காய் சிப்ஸ் பொட்டலம். “ஞான் கேட்டில்லல்லோ மோளே, ஒண்ணுகூடி பற.” தான் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம். சிப்ஸை இசக்கி பக்கம் தள்ளி வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

இதற்காகவே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். யார் படிக்கிறார்கள்? “அது அவிடெ இரிக்கட்டே” என்று ஒதுக்கிவிட்டு அவள் வாயைப் பார்க்கிறார்கள். காதால் கேட்டால்தான் மரியாதையாம், அக்கறையாம்.

ஒவ்வொரு தடவையும் கஞ்சிப் பானை வரை வந்ததும் அவளுக்கு வியர்க்கும். கை தானாகக் கட்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும்போது தெருவோரம் வாந்தி எடுத்தாள். இதற்குப் பிறகும், “கொட்டிட்டா மனசு லேசாகும்” என்கிறார்கள். லேசாவது யார் மனசு?

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே மாதிரி சொன்னால், “மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா.” கொஞ்சம் மாறினால், “பார்த்தீங்களா, நேத்து வேற சொன்னா.” அவள் எப்படித்தான் சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

சரி, மேட்ரனிடம் வருகிறேன். வலியசாலை அக்ரகாரத்துக்காரர். கெட்டவர் இல்லை. நாங்கள் உட்கார்ந்ததுமே மோர் கொடுத்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஆதியிலேர்ந்து சொல்லும்மா” என்றார்.

“நான் சொல்றேனே மாமி” என்றேன்.

“நீ சொன்னா ஆச்சா? அவ வாயால கேட்டாத்தானே நான் சேர்த்துக்க முடியும்? நாளைக்கு எங்க விடுதிக் கமிட்டி கேட்டா யார் பதில் சொல்றது?”

இசக்கி அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். முதல்ல இருந்தாம்மா?

“ஆமாண்டி, முதல்லேர்ந்துதான். ஒண்ணும் அவசரமில்லை, மெதுவா சொல்லு.”

இசக்கி சொல்லவில்லை. எழுந்தாள். துணி மூட்டையை நல்ல கையில் எடுத்துக்கொண்டு மேட்ரனைத் தாண்டி உள்ளே நடந்தாள். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன். இந்தக் கட்டிலும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

நீளமான ஹாலில் சுவரோரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மூட்டையைத் தலைக்கு வைத்தாள். கட்டுப்போட்ட கை மேலே இருக்கும்படி ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

“இந்தாடி, இன்னும் நான்...” என்று வந்த மேட்ரன் வாசல்படியிலேயே நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஜன்னலைச் சாத்தும்மா. பஸ் சத்தம் வர்றது” என்றார்.

நான் சாத்துவதற்குள் இசக்கி குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.