மஞ்சள் துண்டுக்கு ஒரு ஜன்னல் சீட்டு

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில், மாமாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பஸ் இன்னும் சரியாக நிற்கக்கூட இல்லை. அதற்குள் நாலைந்து பேர் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும் உள்ளே போட்டார்கள். பிறகு நிதானமாக வந்து டீ குடித்தார்கள். பஸ்ஸில் ஏறிய யாரும் அந்த இடங்களைத் தொடவில்லை. ஆள் இல்லை, துண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டீ குடிக்கிற நேரத்துக்கு இடம் பிடிக்கும் துண்டு, மலை இறங்குகிற நேரத்துக்கும் பிடிக்காதா என்ன? பாதி பன் டீயில் விழுந்து கரைந்ததை நான் கவனிக்கவே இல்லை.

இடம் வேண்டியிருந்தது அம்மாவுக்கு.

நாங்கள் மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியைத் தாண்டி, செண்பக நகரில் குடியிருந்தோம். மனை விற்றவர்கள் 'ராசிபுரத்துக்கு மிக அருகில்' என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அந்த அருகாமையின் நீளம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்குத்தான் தெரியும். வீதிப் பலகைகள் நிறைய இருந்தன, வீதிகள் குறைவு. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வேலிக்காத்தான் நன்றாக வளர்ந்திருந்தது. ஆனால் கட்டி முடிக்காத வீடுகள் எல்லாம் எங்களுடையவை. கூரையில்லாத சமையலறைகளில் மண்சோறு ஆக்குவோம், கதவில்லாத வாசல்களில் கதவைத் தட்டி விளையாடுவோம். காலையில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போய்விட்டால் பகல் முழுக்க நகர் எங்கள் கையில். சாயங்காலம் நகரின் நுழைவு ஆர்ச்சுக்குக் கீழே காத்துக்கிடப்போம். பஸ்ஸின் படியில் முதலில் தெரியும் காலைப் பார்த்தே அது யாருடைய அம்மா என்று சொல்லிவிடுவேன்.

என் அம்மா ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவளாக இருந்தாள். அங்கே வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது. பஸ்ஸோ மலையிலிருந்தே நிறைந்து வரும். ஆகவே கடைக்கு நின்றபடியே போய், நாளெல்லாம் நின்று, நின்றபடியே திரும்புவாள். வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு, சேலத்தில் லேத் பட்டறையில் இருந்த அப்பாவிடம் போனில், "இந்த மாசத்தோட வேலைய உட்டர்றேனுங்க" என்பாள். விட்டுவிட்டால் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அப்பாவின் ஒற்றை அறைக்குப் போய்விடுவதாகப் பேச்சு. ஒற்றை அறையில் கூரையில்லாத சமையலறை கிடையாது.

கோடை விடுமுறைக்கு என்னை மாமாவிடம் அனுப்பும்போது அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "எதுத்த ஊட்டு டீச்சரம்மா கேட்டா, மாமன் ஊருக்குப் போறேன்னு மட்டும் சொல்லு கண்ணு." எந்த ஊர் என்று டீச்சர் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

விடுமுறை முடிந்து நான் இறங்குகிற நாளைத் திட்டத்துக்குக் குறித்தேன். அன்று அம்மாவோடு அப்படியே ராசிபுரம் போய் யூனிஃபார்ம் துணி எடுப்பதாக ஏற்பாடு. நானே உட்கார்ந்து இடம் பிடித்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அரை டிக்கெட்டுக்கு அந்த மரியாதை இல்லை. யாராவது தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடத்தை எடுத்துக்கொள்வார்கள். துண்டை யாரும் மடியில் வைத்துக்கொள்வதில்லை.

மாமாவின் கொடியில் இருந்ததிலேயே பளிச்சென்று இருந்தது, போன ஆடியில் கோயிலுக்குக் கட்டிய மஞ்சள் துண்டு.

"வேற துண்டே கெடைக்கலையா?" என்றார் மாமா.

"கீழ நிக்கறப்பவே அம்மாவுக்குத் தெரியோணும் மாமா."

"தெரியும், தெரியும். நாமக்கல் வரைக்கும் தெரியும்."

வளைவுகளில் நழுவிவிடக்கூடாதே என்று துண்டின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டேன். காற்றில் பறக்காமலிருக்க அதன் நடுவில் மூன்று எலுமிச்சம்பழங்களை வைத்தேன். என் புத்திசாலித்தனம் எனக்கே வியப்பாக இருந்தது. மாமா டிரைவரிடம் சொல்லி என்னை முன்னால் இன்ஜின் மூடிமேல் உட்கார வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கடைக்குப் போனார். அவர் எதற்குச் சிரித்தார் என்று அப்போது தெரியவில்லை.

பஸ் புறப்பட்டதும் கண்டக்டர், "இது யாரோட துண்டுங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர், "கோயில் துண்டாட்ட இருக்குது. தொடாதீங்க" என்றார். சரிதான், காவலுக்கு ஆளும் கிடைத்துவிட்டது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண் ஒருத்தி தன் கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்துத் துண்டின்மேல் வைத்தாள். அதற்கடுத்து ஏறியவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கொய்யாப்பழம் வந்தது, திருநீற்றுப் பொட்டலம் வந்தது. கண்டக்டர் அந்த சீட்டைக் கடக்கும்போது உடம்பை ஒருக்களித்துக்கொண்டார். தாலுகா கோர்ட்டுக் கேஸ் விஷயமாகக் கீழே போய்க்கொண்டிருந்த ஒருவர் குனிந்து, "முடிச்சுக் குடுத்தா ஒரு சேவலு" என்று துண்டிடம் தனியாகப் பேசினார். டிரைவர்கூட வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பியதாக எனக்குத் தோன்றியது. எல்லாரும் நெருக்கியடித்து நிற்க, துண்டு மட்டும் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு உறுதியாக யாரும் சீட்டுப் பிடித்திருக்க முடியாது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செண்பக நகர் ஆர்ச்சில் அம்மா டீச்சரோடு ஏறினாள். டீச்சர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சன்னமாக, "பாத்தீங்களா, இந்த மலைக்காரங்க ஒரு துணியக் கட்டி சீட்டையே கோயிலாக்கிட்டாங்க" என்றார். அம்மா துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, உட்கார், உட்கார் என்றேன். அவள் கை துண்டை நோக்கி நீண்டது.

"அம்மிணி, அது சாமி சீட்டுங்க. அப்படிக்கா நின்னுக்கங்க" என்றார் கண்டக்டர்.

நீண்ட கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு தூரம் வந்த சீட்டு கைநழுவுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அது உனக்குத்தான். மாமா துண்டு" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டீச்சர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு மரவள்ளிக்காடு முழுவதும் ஜன்னலில் ஓடி முடிகிறவரை அம்மா கம்பியைப் பிடித்தபடி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரியவே இல்லை. இதற்கு என்ன யோசனை, துண்டை எடுத்து உட்கார வேண்டியதுதானே?

"அது சாமி இல்லீங்க" என்றாள் அம்மா கடைசியில். "எங்க அண்ணன் துண்டு. செம்மேட்டுல டீக்கடை வெச்சிருக்காங்க. எனக்குப் பொறந்த ஊரு அதுதான்."

"அப்ப என் சேவலு?" என்றார் கேஸ்காரர்.

பஸ் குலுங்கிச் சிரித்தது. பின்னால் மிளகு மூட்டைமேல் கால் வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "உக்காரு அம்மிணி. உன்ற கல்யாணத்துல பந்தி பரிமாறுனதே நாந்தான்" என்றார்.

அம்மா உட்கார்ந்தாள். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எலுமிச்சை வாசனையால் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து டீச்சர் குனிந்து, "மிளகு நல்லதாக் கெடைக்குமாங்க?" என்று கேட்டார்.

அதன் பிறகு அம்மா வேலையை விடவில்லை. தினமும் மலையிலிருந்து வரும் பெண்கள் யாராவது நகர்ந்து, "வா அம்மிணி" என்று இடம் கொடுத்தார்கள். என் துண்டு ஜெயித்துவிட்டதென்று கூரையில்லாத சமையலறைகளில் உட்கார்ந்து பல நாள் கதையளந்துகொண்டிருந்தேன். அந்த மிளகு மூட்டைக்காரர், கல்யாணத்தில் பார்த்த பெண்ணை இரண்டு வருடமாக அதே பஸ்ஸில் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். இரண்டு பேரில் யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் அம்மாவுக்கு என்றைக்கோ இடம் கிடைத்திருக்கும். அம்மா நகர்க்காரியாக நிற்க விரும்பினாள். அவரும் அவளை நிற்க விட்டு, தெரியாதவராகவே வந்தார். இரண்டு பேருக்கும் அது எவ்வளவு வலி என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அதே பஸ்ஸில் நான் கல்லூரிக்குப் போகிறேன். நகரில் வீதிப் பலகைகளுக்கெல்லாம் வீதிகள் வந்துவிட்டன. புதிதாகக் குடிவந்த ஒரு அக்கா தினமும் முன்னால் நின்றுகொண்டே வருகிறார். நேற்று போனில் யாரிடமோ, சாமை காய்ந்ததா என்று மலைப் பேச்சில் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் பக்கத்தில் வந்ததும் குரலை மாற்றிக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டால் முள்ளுக்குறிச்சி பக்கம் என்றுதான் சொல்வார், அதனால் கேட்கப் போவதில்லை. நாளைக் காலையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி நானே முதலில் சொல்லிப் பார்க்கப் போகிறேன், எங்கள் அம்மாவுக்குச் செம்மேடு என்று.