என்னிடமிருந்து பிலோமினாவுக்குப் போன மெக்கானிக்ஸ் பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலை வேளச்சேரி வீட்டில் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் அழைத்தார். விடுமுறை நாளில் அவர் யாரையும் அழைப்பவர் அல்லர். "சுகன்யா, நம்ம பிலோமினா போயிட்டாம்மா. நேத்து சாயங்காலம். மூளையில ரத்தக் கசிவாம்" என்றார். சாந்தோமில் சர்ச்சுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லையாம். முப்பத்தைந்து வயது. அவர் மேலும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவள் நடத்திவந்த மெக்கானிக்ஸ் பேப்பர் இனி எனக்குத்தான் என்ற நினைப்பு வந்தது. அதன் பிறகுதான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன்.

கல்லூரியில் அவளுக்காகக் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு மற்ற எல்லோரும் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் கெடு முடிந்து பத்து நாள் கழித்துத் தருகிறேன். மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் உண்மைதான், தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்ததும் உண்மைதான். ஆனால் தாமதத்துக்கு அது காரணமல்ல. மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அவளுடைய சிரிப்பு, பொறுமை, பரிவு. எதுவும் பொய்யில்லை. நான் அப்படி எழுதினால் மட்டும் பொய்யாகிவிடும். எனக்கு அவள் மேல் பொறாமை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அதனால் இங்கேயும் 'அவள்' என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இயற்பியல் துறையில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்ஸ் பேப்பருக்கு, அதாவது இயக்கவியல் பாடத்துக்கு, ஒரு மதிப்பு உண்டு. நான்கு ஆண்டுகள் அது என்னுடையது. பிரசவ விடுப்பில் போகும்போது, "ஆறு மாசம் பாத்துக்கோ பிலோ" என்று என் குறிப்பேட்டோடு அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவளே தொடர வேண்டும் என்று வகுப்பே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருந்தது. "பசங்க கேக்குறாங்கம்மா. நீயும் கொழந்தைய வெச்சுக்கிட்டு அல்லாடுற. லேப் எடுத்துக்கோயேன்" என்றார் துறைத் தலைவர். எடுத்துக்கொண்டேன். பிலோமினா என் குறிப்பேட்டைத் திருப்பித் தந்தாள். அதில் ஒரு பக்கம்கூட மடங்கியிருக்கவில்லை. அவள் அதைத் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அப்படி என்னதான் நடத்துகிறாள் என்று ஒருநாள், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று கேட்டேன். நான் கலர் சாக்பீஸில் அம்புக்குறிகளாக வரைந்து தள்ளுபவள். மாணவர்கள் என் கரும்பலகையைப் படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். அவள் பலகையில் ஒரு படமும் இல்லை. ஒரு மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர். பொருள் எப்படி நகரும் என்பதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி, அதில் ஒரு படம்கூடக் கிடையாது என்று பெருமையும் அடித்துக்கொண்டவர். இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்தால் கிடைப்பதற்கு இன்று அவர் பெயரால்தான் லக்ராஞ்சியன் என்று பெயர். அந்த ஒரு கோவையை எழுதிவிட்டால், பொருளின் பாதை அதிலிருந்தே வந்துவிடும். "ஊஞ்சலுக்கும் அதேதான், கிரகத்துக்கும் அதேதான். இன்னைக்கு அணுவுக்குள்ள இருக்குற துகளுக்குக் கணக்குப் போடுறவனும் மொத வரியில அதத்தான் எழுதுறான். ஆள் போய் இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ரிட்டயர் ஆகல பாரு" என்றாள். வகுப்பு சிரித்தது. என் வகுப்பில் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

நம் நாட்டு விண்கலம் சூரியனைப் பார்க்கப் போய், பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, பூமியோடு சேர்ந்தே சுற்றிவரக்கூடிய இடத்தை அடைந்த செய்தி வந்ததும் அவள் துறை முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். அந்த இடமும் அதே கணிதரின் பெயரால் அழைக்கப்படுவதுதான். "இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளு கர்ச்சீப் போட்டு சீட் புடிச்சு வெச்சுட்டாரு. நாம இப்பதான் போய் ஒக்காந்திருக்கோம்" என்றாள். எல்லோரும் ரசித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த எடத்த மொதல்ல கண்டுபுடிச்சது அவர் இல்ல, அவருக்குச் சீனியர் இன்னொருத்தர். இவரு கண்டது வேற ரெண்டு எடம்" என்றேன் எல்லோர் முன்னாலும். அவள் என்னைப் பார்த்து, "கரெக்ட்டு. சீட் புடிச்சது ஒருத்தரு, பேரு இன்னொருத்தருக்கு. இருபத்தொண்ணு ஜி பஸ்ஸுல தெனம் நடக்குறதுதானே?" என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். என் திருத்தத்தையும் அவள் தன் நகைச்சுவை ஆக்கிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை லஸ் பக்கத்துப் பூங்காவில் நானும் அவளும் தற்செயலாகப் பார்த்துக்கொண்டோம். என் மகள் ஊஞ்சலில் இருந்தாள். நான் கொக்கியை இழுத்துப் பார்ப்பதும் சங்கிலியைப் பிடிப்பதுமாக நின்றேன். பிலோமினா வந்து ஆட்டிவிட ஆரம்பித்ததும், "பிலோ ஆன்ட்டி, இன்னும் ஒசரமா!" என்று கத்தினாள் மகள். என்னிடம் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஏன் சுகு இப்பிடி பயப்படுற? ஊஞ்சல் எங்க இருக்குன்னு சொல்ல ஒரே ஒரு எண் போதும். எவ்ளோ கோணம் சாஞ்சிருக்கு, அவ்ளோதான். மிச்சத்த சங்கிலி பாத்துக்கும்."

"சங்கிலி அறுந்துட்டா?"

"அப்ப ரெண்டு எண் வேணும். எவ்ளோ தள்ளி, எவ்ளோ ஒசரம்."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. "ஒனக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்" என்றேன். அவள் ஊஞ்சலை மெதுவாக்கினாள். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

போன ஆண்டு மாதிரித் தேர்வுக்கு, "நீயும் ஒரு செக்ஷன் போடேன்" என்று அவளே கேட்டாள். ஆசையாகப் போட்டேன். மோட்டாரால் சுழலும் வளையம், அதில் கோத்த மணி. மணியின் மொத்த ஆற்றல் மாறாது என நிறுவுக. அதன் லக்ராஞ்சியன் கோவையில் நேரம் நேரடியாக வராததைப் பார்த்தவுடன் ஆற்றல் மாறாது என்று எழுதிவிட்டேன். ஆனால் மோட்டார் ஆற்றலைக் கொடுப்பதும் எடுப்பதுமாக இருக்கும். அந்தக் கணக்கில் ஒன்று மாறாமல் இருக்கும்தான். ஆனால் அது ஆற்றல் அல்ல. மெக்கானிக்ஸ் நடத்துகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மாணவன் எழுந்து கேட்டுவிட்டான். துறைத் தலைவர் கூப்பிட்டு விசாரித்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா, "ரெண்டு பேரும்தான் சார் சரிபாத்தோம். நானும் கவனிக்கல" என்றாள். அந்தக் கேள்வியை நான் அவளிடம் காட்டியிருக்கவே இல்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டும். நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொள்கிறாளே என்று நாள் முழுக்கப் பொருமினேன்.

பேப்பர் இப்போது என்னிடம் வந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக இதற்குத்தான் ஏங்கினேன். முதல் வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேம், ரெண்டு ஆற்றலையும் கூட்டினா மொத்த ஆற்றல்னு புரியுது. கழிச்சா வர்றது என்ன மேம்? ஏன் கழிக்கணும்? வெள்ளிக்கிழமை பிலோ மேம்கிட்ட கேட்டோம். நல்ல கேள்வி, திங்கக்கிழமை சொல்றேன்னாங்க."

சொன்னேன். எண்ணற்ற பாதைகளில் இயற்கை ஒன்றைத் தேர்வது போலத் தெரிவதையும், அணு உலகின் விதிகள் வந்த பின்புதான் அதற்குக் காரணம் ஓரளவு விளங்கியதையும் அரை மணி நேரம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேம்." கொஞ்சம் தயங்கினாள். "பிலோ மேமும் இதத்தான் சொல்லியிருப்பாங்களா மேம்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? "தெரியலம்மா" என்றேன்.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அந்தத் திங்கட்கிழமைக்கு அவள் மிச்சம் வைத்த பதிலைத்தான். ஆண்டுதோறும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ஆண்டுதோறும் நானும் என் பதிலைத் திருத்திக்கொண்டு போவேன். அவளுடையது அப்போதும் அதைவிட ஒரு படி மேலேதான் இருக்கும்.