நான் தள்ளிவிட்ட கதவு வரிகள்

இன்னமும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மேனேஜர் மேல் ஒரு கோபம் என்றால், என் மேல் அதைவிடப் பெரிய கோபம்.

ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். அங்கே முட்டை அடைவைக்கும் மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கும். கரண்ட் போனாலும் அது பேட்டரியில் ஓடும், சூடு ஏறினால் சைரன் அடிக்கும், நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும். ஒரு வெயில் கால மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் உடனே கிளம்பவில்லை. ஒரு மெஷினில் சூடு ஏறிப் பாதி முட்டை கெட்டுப்போனது. யார் தப்பு என்று பார்க்க வேண்டும், பெட்டி எழுதிய அந்த லாக் ஃபைலை அட்டவணையாக்கிக் கொடு என்று சூரமங்கலத்திலிருந்து என்னை வரவழைத்தார் மேனேஜர்.

ஃபைலா அது? கந்தல்! ஒரு வரியில் நேரம் முன்னால், இன்னொரு வரியில் பின்னால். இடையில் யாரோ பெட்டிக்குள் இருக்கும் போர்டை மாற்றியிருக்கிறார்கள், அதிலிருந்து தேதி தலைகீழ். பாதி வரிகளில் சூடு எவ்வளவு என்றே இல்லை. மெஷின் கதவு திறந்தது, கதவு மூடியது என்று மட்டும் இருந்தது.

“அந்தக் குப்பையெல்லாம் வேண்டாந் தம்பி. சூடு எவ்வளவு, சைரன் எப்ப அடிச்சுது, எப்ப பட்டன அமுக்கி நிறுத்துனாங்க. அது போதும்” என்றார்.

எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. சூட்டுக்கான எண்ணோ, சைரனோ இல்லாத வரி வந்தால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போ என்று, ஃபைலைப் படிக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டில் எழுதினேன். அட்டவணை பளிச்சென்று வந்தது. சைரன் நாற்பது நிமிடம் விடாமல் அடித்திருக்கிறது, யாரும் பட்டனை அமுக்கவில்லை. பெரிய சாமர்த்தியசாலி மாதிரி அனுப்பி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் ஓர் அக்கா சாப்பாட்டுப் பையோடு அழுதுகொண்டிருந்தார். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்பவர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காரணம் நான் கொடுத்த காகிதம். நாற்பது நிமிடம் எங்கேயோ படுத்துத் தூங்கினார் என்று மேனேஜரே முடிவுகட்டிவிட்டார்.

“ஏனுங்க்கா, பட்டன ஏன் அமுக்கல?” என்று கேட்டேன். அழுகை நின்று கோபம் வந்துவிட்டது அவருக்கு.

“அமுக்குனா சைரன் நின்னு போயிருமுங்க சாமி! ஜெனரேட்டர் ரூமு அந்தக் கடைசீல இருக்குது. சத்தம் கேட்டுட்டே இருந்தாத்தான் அதப் பாக்கற ஆளு உடாம ஸ்டார்ட் பண்ணிப் பாப்பாரு. நின்னுதுன்னா கரண்ட் வந்துருச்சுன்னு நெனச்சு டீக்கடைக்குப் போயிருவாரு. ஜெனரேட்டர் ஓடற வரைக்கும் இங்க ஒருத்தரும் பட்டன்ல கை வெக்க மாட்டோமுங்க.”

“அதுவரைக்கும் நீங்க?”

“சூடு வெளிய போகோணுமில்லீங்க? கதவத் தொறக்கறது, செத்த நேரம் உட்டு மூடறது. தொறந்தே போட்டாலும் முட்டைக்கு ஆகாது. தோளெல்லாம் உட்டுப்போச்சு.”

கதவு! நான் தள்ளிவிட்ட வரிகள். கேட்டுக்கு ஓடி வாட்ச்மேன் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்கிரிப்டில் தள்ளிவிடச் சொன்ன வரியை எடுத்துவிட்டு, கதவுக்கு ஒரு கட்டம் போட்டு மறுபடி ஓட்டினேன். சைரன் ஆரம்பித்து ஜெனரேட்டர் ஓடும் வரை பதினான்கு தடவை கதவு திறந்து மூடியிருக்கிறது. மிச்சப் பாதி முட்டை பிழைத்ததே அதனால்தான்.

மேனேஜரிடம் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பட்டன அமுக்கலைங்கறது நெசந்தானே? அந்தக் கதவுக் கட்டத்த எடுத்துருங்க தம்பி.”

“எடுக்க முடியாதுங்க! ஜெனரேட்டர் ஏன் கிளம்பலைன்னு ஒரு கட்டம் வேணும்னா சேத்துத் தரட்டுமா?” என்று கத்தினேன். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஓனர் வந்தார். காகிதத்தை வாங்கி, விரல் வைத்துப் பதினான்கையும் எண்ணிப் பார்த்தார். “அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். மேனேஜர் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. என்ன மனுசரோ!

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நாங் கதவத் தொறந்தத மெசினு எழுதித்தான் வெச்சிருந்துச்சுங்களா?”

“ஆமாங்க்கா.”

“அப்பறம் மொதக் காயிதத்துல எப்படீங்க இல்லாமப் போச்சு?”

மேனேஜர் மேல் பழியைப் போட வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். “நாந்தானுங்க்கா தள்ளி உட்டேன். தேவையில்லாத வரின்னு நெனச்சுட்டேன்.”

ராசிபுரம் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

“தள்ளி உடறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க சாமி?”