'அழிக்கணும்'னு ஒரு ஃபோல்டர்

இன்னிக்கு திருவொற்றியூர்ல ஒரு கடையில, என் பழைய லேப்டாப்புல இருந்த போட்டோ, பாட்டெல்லாம் புதுசுக்கு மாத்திகினு இருந்தாரு கடைக்காரரு.

"அண்ணே, இந்த ஃபோல்டர் மேல 'அழிக்கணும்'னு போட்டுகீது. இத்த வுட்டுடவா?"

என் பொண்டாட்டி ஸ்டெல்லா வெச்ச பேரு அது. அவ தவறிப்போயி எட்டு மாசம் ஆவுது.

மூஞ்சி நல்லா வராத போட்டோவ எல்லாம் அதுல தள்ளிட்டு, "அழிச்சிட்டியா இல்லியா?"ன்னு உயிர எடுப்பா. நாளைக்கு, நாளைக்குன்னு நானும் ஓட்டிடுவேன்.

தொறந்து பாத்தேன். எண்ணூர் காத்துல முடி மூஞ்சிய மூடிகினு கீது. இன்னொண்ணுல வாய் நெறைய வறுத்த மீனு. மாதா கோயில் பாட்டு பிராக்டீஸ்ல சுதி தப்பி, பாதியில நிறுத்திட்டு சிரிக்கிற ஆடியோவும் கெடந்துது.

மத்த ஃபோல்டர்ல எல்லாம் போஸ் குடுத்துகினு நிக்கிறா. என் வூட்ல இருந்தவ இதுலதான் கீறா.

"மொதல்ல இத்த ஏத்துங்க"ன்னேன்.

இப்பவும் அழிக்கல. திட்டத்தான் ஆளில்ல.