அடி இல்லை என்று சொல்லி வாங்கிய தாள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் என்னைப் பிரம்பில்லாமல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிரம்பை விட்டதும் கருணையால் ஒன்றுமில்லை. ஒரு முறை, சின்னப் பெண் ஒருத்தியைக் கிள்ளிய எட்டாம் வகுப்புக்காரியை விளாசு விளாசென்று விளாசினேன். மறுநாள் அந்தச் சின்னப் பெண்ணின் இரண்டு கையும் கன்றிப் போயிருந்தன. "இனிமே டீச்சர்கிட்ட சொல்லுவியா, சொல்லுவியா" என்று கேட்டுக் கேட்டுக் கிள்ளியிருக்கிறாள். நான் கொடுத்த அடி பத்திரமாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் பிரம்பைத் தூக்கிப் பீரோ மேல் போட்டேன்.

இது எண்பதுகளின் நடுவில். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. அடிப்பதை விட்ட பிறகு நானே ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டேன். தகராறு என்று வந்தால், சாப்பாட்டு மணி முடிந்ததும் இரண்டு பேரையும் ஆய்வுக்கூட அறையில் உட்காரவைப்பேன். நடந்ததை உள்ளபடி சொன்னால் அடி கிடையாது, பிரேயரில் நிறுத்த மாட்டோம், வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தமிழில் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் அவரவர் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லி, நான் தமிழில் எழுதிக்கொள்வேன். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான், கன்னடமும் ஓரளவு வரும். எழுதியதைப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, பிறகு அடிபட்ட பிள்ளையிடம் கேட்பேன், இப்போது என்ன செய்யலாம் என்று.

தலைமையாசிரியர் ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. "என்னமோ பண்ணுங்க டீச்சர், சத்தம் மட்டும் வெளிய போவாம பாத்துக்குங்க" என்றார். இரண்டு வருடம் சத்தம் வெளியே போகவில்லை.

அந்தக் காலத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வெளி மாவட்டத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து காலனியில் இறங்கினார்கள். அப்படித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எட்டாம் வகுப்பில் சேர்ந்தவள் ஒருத்தி. "அவ்வோ சொன்னாவ" என்று அவள் வாயைத் திறந்தாலே சுற்றியிருக்கிற பிள்ளைகள் சிரிக்கும். சிரிப்பை ஆரம்பித்து வைப்பவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். பக்கத்து ஊர், தெலுங்கு வீடு. அம்மா தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவள். ஆளும் பெருசு, வாயும் பெருசு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இவள் அந்தப் புதுப்பெண்ணை விளையாட்டுச் சாமான் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வாட்ச்மேன் சாயங்காலம் கேட்டைச் சாத்த வந்தபோது உள்ளே முனகல் சத்தம். கதவைத் திறந்தால் பாவாடையெல்லாம் நனைந்து, பேச்சே வராமல் உட்கார்ந்திருந்தது குழந்தை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பீரோ பக்கம் போய்விட்டுத்தான் திரும்பினேன். ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மா ஜூன் மாதமே என்னிடம் வந்து சொல்லியிருந்தாள். "பெரியவளானதில இருந்து இவங்கப்பா நச்சரிக்கிறாரு டீச்சரம்மா, என் தம்பிக்குக் கட்டிக் குடுத்துடலாம்னு. படிக்கிறா படிக்கிறான்னு சொல்லித்தான் தள்ளிட்டு வரன். பள்ளிக்கூடம் நின்னுதுன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது." தம்பி, அதாவது பெண்ணின் தாய்மாமன், அவனுக்கு முப்பது வயது, மாலூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. பெண்ணுக்குப் பதினாலு.

திங்கட்கிழமை இருவரையும் உட்காரவைத்தேன். பெரியவள் முதலில் வாயையே திறக்கவில்லை. "அடி இல்ல. வெளிய யாருக்கும் தெரியாது. நான் சொல்றன் இல்ல" என்றேன். பிறகு தெலுங்கில் மளமளவென்று கொட்டினாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஆறாவது வந்தப்ப என் தமிழக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். மூணு வருசம் சிரிச்சாங்க. இவ வந்தப்பறம் யாரும் என்னப் பாத்துச் சிரிக்கல" என்றாள். அதையும் எழுதினேன். படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

இனி என்ன செய்யலாம் என்று சின்னவளிடம் கேட்டேன். "என் பக்கத்துல வரக்கூடாது. நா பேசுனா சிரிக்கக்கூடாது. அவ்வளவுதான் டீச்சர்" என்றாள். ஒரு மாதம் அப்படியே நடந்தது. மைதானத்தில் யாராவது சிரித்தால் பெரியவள் திரும்பி ஒரு முறை முறைப்பாள், சிரிப்பு நின்றுவிடும். சின்னவளின் அப்பாவும் வந்து, புள்ள இப்போ நல்லாச் சாப்பிடுது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது தேர்தல் வந்தது.

ஒரு நாள் காலையில் ஜீப் ஒன்று பள்ளிக்குள் வந்து நின்றது. இறங்கியவர் அந்தப் பக்கத்துக் கட்சிப் பிரமுகர். சத்தம் போடாத மனிதர். சிரித்துக்கொண்டேதான் பேசினார். "உள்ளூர்ப் புள்ள வெளியூர்ப் புள்ளய ரூமுல போட்டுப் பூட்டியிருக்கா. நீங்க என்னடான்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பஞ்சாயத்துப் பேசறீங்களாம். காலனிக்காரங்க அத்தன பேரும் என்னக் கேக்கறாங்க டீச்சர்."

"அந்தப் பொண்ணோட அப்பாவே திருப்தின்னுட்டாருங்க" என்றேன்.

"அவரு ஒருத்தரு திருப்தியானா போதுங்களா? அடிக்காத பள்ளிக்கூடத்த நான் எங்கயும் பாத்ததில்ல. பிரேயர்ல நிக்கவச்சு நாலு சாத்து சாத்தி, டி.சி.யக் குடுத்து அனுப்புங்க. ஊருக்கே ஒரு பயம் இருக்கும்." கிளம்பும்போது, "எட்டே கால் டவுன் பஸ்லதான வரீங்க? கூட்டமா இருக்குமே" என்றார். நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று அவருக்கு யார் சொன்னது?

மறுநாள் ஜீப் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு எதிரில் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. ஜீப்பில் இருந்த இரண்டு பேரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, போகிற வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் எனக்குத் தெரியாத ஒருவன் எழுந்து, "உக்காருங்க டீச்சர்" என்று இடம் கொடுத்தான். நான் உட்காரவில்லை. மற்ற ஆசிரியைகள் என்னோடு சாப்பிட உட்காருவது நின்றுபோனது.

அடுத்து மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். மாணவி மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கேட்டிருந்தார்கள். கூடவே காலனிக்காரர்களின் மனு. அதில் முதல் கையெழுத்து சின்னவளின் அப்பாவுடையது. அவரே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "யூனியன்ல போடச் சொன்னாவ டீச்சர். போட மாட்டேன்னா வேலைக்குப் போவ முடியாது. என்ன மன்னிச்சிருங்க."

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தாளக் குடுங்க டீச்சர். ஒன்னுமே செய்யாம விட்டுட்டோம்னு கேக்கறாங்க. அந்தப் பொண்ணு தப்ப ஒத்துக்கிட்டு எழுதியிருக்குதுன்னு காட்டலாம்."

நான் கொடுத்துவிட்டேன். இதை நான் இன்னொருவர் மேல் போட முடியாது. யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. படித்துப் பார்த்தால் மனம் இளகிவிடும், ஒரு பிள்ளை இவ்வளவு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறதே என்று நினைப்பார்கள், அப்படித்தான் நம்பினேன். முட்டாள்! மடச்சி! வேறு என்ன சொல்வது என்னை.

பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். மைக் கட்டியிருந்தது. காலனிக்காரர்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். பெரியவள் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிரமுகர் எழுந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் தலைமையாசிரியரிடம் கொடுத்த தாள்தான்.

அவர் நன்றாகப் படித்தார். நிறுத்தி நிறுத்தி, எல்லோருக்கும் புரியும்படி. "நான் அவளை வேண்டுமென்றே அறைக்குள் தள்ளி வெளியே பூட்டினேன். அவள் அழுவது எனக்குக் கேட்டது. இருந்தும் நான் சென்றுவிட்டேன்." அந்தப் பெண் சொன்னது பயந்துபோன பிள்ளையின் தெலுங்கு, பாதி அழுகை, பாதி மூக்குறிஞ்சல். அதை நான்தான் சுத்தமான பள்ளிக்கூடத் தமிழாக்கியிருந்தேன். மைக்கில் கேட்டபோது போலீஸ் ஸ்டேஷனில் எழுதியதைப் போல் இருந்தது. மூன்று வருடம் சிரித்தார்கள் என்ற இடம் வந்ததும் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவளுடைய அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மேடைத் தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை. என் முந்தானையைத் தொட்டு, "என் பொண்ணப் பத்தி என்னமோ படிக்கிறாங்களே டீச்சரம்மா, என்ன சொல்றாங்க?" என்று தெலுங்கில் கேட்டாள். நான் எழுதியதை நானே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இத யார் எழுதினாங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் கைதட்டல் எழுந்தது.

பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். சும்மா பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் பிரேயரில் அடித்தார்கள். அடுத்த நாள் டி.சி. வகுப்பாசிரியை என்ற முறையில் நான்தான் நிரப்ப வேண்டும். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அதை அடித்துவிட்டு, "என்னய ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க டீச்சர். உங்களையும்தான்" என்றார். அடித்ததன் மேல் 'திருப்தியில்லை' என்று எழுதினார்.

அந்த டி.சி.யோடு எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஓசூரில் இரண்டு பள்ளியில் கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவதாக ஒரு தலைமையாசிரியை, நாளைக்குக் கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்றார். அன்றைக்கே ஊருக்குப் போனேன்.

வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. அம்மா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். பெண் வெளியே வந்தாள். கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். வாரக் கடைசியில் கல்யாணமாம். நான் அவளைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"வேற பள்ளிக்கூடத்துல பேசிட்டு வந்திருக்கன். இந்தக் கல்யாணத்துல உனக்கு இஷ்டமில்லன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் தாசில்தார்கிட்ட போறன், போலீசுக்குப் போறன், நிறுத்தறன். உண்மையச் சொல்லு. இஷ்டமா, இல்லியா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு, தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"இதயும் எழுதிக்குவீங்களா டீச்சர்?"

"இல்ல" என்றேன். "எழுத மாட்டன்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள்.

"இஷ்டம்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.